குழாய்களும் வழும்பும்

பழைய மாணவர் யூபிலி மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை வரைவதாயின், சங்க இலக்கியத்திலிருந்தோ திருமுறைகளிலிருந்தோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வதே மரபு. யாம் இம்முறை அம்மரபினின்றும் சற்றே விலகுகின்றோம். எமது பொருள், வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும் நோயாளரின் உடலிற் செருகப்படும் குழாய்களும், அக்குழாய்களிலே கண்ணுக்குப் புலனாகாது வளரும் ஒரு வழும்புமாகும். இது வைத்தியர் எழுத வேண்டிய பொருளன்றோ எனின், ஆம்; அவர் தமிழில் எழுதாமையே எம்மை எழுதத் தூண்டியது.

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாடெங்கும் ஒரு சொல் எல்லார் வாயிலும் வழங்கிற்று. அது 'கனுலா' என்னுஞ் சொல். காய்ச்சலுக்காக வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட ஒரு சிறுமிக்குக் கனுலா ஏற்றப்பட்ட பின்னர், அவளது கையின் ஒரு பகுதியையே அகற்றும் நிலை நேர்ந்தமை அதற்குக் காரணம். அது எதனால் நேர்ந்தது, எவர் தவறு என்பன நீதிமன்றும் நிபுணரும் ஆராய்தற்குரியன. தொற்றினால் நேர்ந்ததென்றும் யாம் சொல்ல வரவில்லை. எமது கருத்தை ஈர்த்தது வேறொன்று. அந்நாட்களிற் சந்தையிலும் பேருந்திலும் கோயில் வீதியிலும் கனுலாவைப் பற்றிப் பேசாதார் இலர். ஆயின் அது யாது, ஏன் ஏற்றப்படுகின்றது, எத்தனை நாள் உடலில் இருக்கலாம், கேடு தோன்றுவதன் அறிகுறிகள் யாவை என்று வினாவினால் விடை கூற வல்லார் மிகச் சிலரே. சொல் வந்தது, பொருள் வரவில்லை. சொல்லையும் பொருளையும் பிரித்தலாகாதென்று வகுப்பறையில் நாடோறும் போதிக்கும் எமக்கு இது பெருங்குறையாகத் தோன்றியது.

கனுலா என்பது நாளத்தினுட் செருகப்படும் மெல்லிய பிளாத்திக்குக் குழாய். சேலைனும் மருந்தும் அதன் வழியே குருதியிற் சேர்கின்றன. 'கதீற்றர்' என்பது சலப்பையிலிருந்து சிறுநீரை வெளிக்கொணரும் குழாய்; நுனியிலே சிறு பலூன் பொருந்திய அவ்வகைக் குழாய்க்கு, 1930களில் அதனைச் செம்மைப்படுத்திய அமெரிக்க வைத்தியர் பிரெடெரிக் போலியின் பெயரே இன்றும் வழங்குகின்றது. தாமே மூச்சுவிட இயலாதார்க்கு வாய் வழியே மூச்சுக்குழலினுள் ஒரு குழாய்; விழுங்க இயலாதார்க்கு மூக்கு வழியே இரைப்பைக்கு ஒரு குழாய்; சிறுநீரகம் செயலிழந்து குருதிச் சுத்திகரிப்புச் செய்வோர் சிலர்க்குக் கழுத்து நாளத்தில் ஒரு குழாய். இவையின்றி இக்கால வைத்தியம் இல்லை. இவற்றால் உயிர் பிழைத்தோர் எண்ணிலர். யாம் இவற்றை இகழ வந்தோமல்லோம். ஆயினும் தோல் என்பது உடலாகிய கோட்டைக்கு மதில். குழாய் ஒவ்வொன்றும் அம்மதிலில் வேண்டுமென்றே இட்ட துவாரம்.

அத்துவாரத்தின் வழியே நுழைவது யாது? வளவிலுள்ள கிணற்றடித் தொட்டியைச் சில நாட்கள் தேய்த்துக் கழுவாது விட்டுப் பாருங்கள். உட்சுவரை விரலாற் றடவினால் வழுவழுவென்று ஒரு பூச்சுக் கையிற் படும். நீரை வாரி இறைத்து அலசினால் அது போகாது. பொச்சுத் தும்பினால் அழுத்தி உரஞ்சினாலன்றி நீங்காது. காலையிற் பல் விளக்குமுன் நாவினாற் பற்களைத் தடவினாலும் அத்தகைய வழுவழுப்பே தோன்றும். இதனை வெறும் அழுக்கு என்று எண்ணுதல் தவறு. இஃது உயிருள்ள ஓர் ஊர். கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் தாமே சுரந்த பசையினுள்ளே குடியிருக்கும் ஊர்.

இவ்வூரை முதன்முதற் கண்டவர் ஒல்லாந்து தேசத்தவரான அன்ரனி வான் லீவன்கூக் என்பவர். துணி வணிகரான அவர் தாமே கடைந்தெடுத்த வில்லைகளினூடே எதனையும் உற்றுப் பார்க்கும் இயல்பினர். தம் பற்களிடையே படிந்த வெண்மையான பொருளை எடுத்து நோக்கி, அதிற் சிற்றுயிர்கள் அசைவதைக் கண்டு, 1683ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்துக்குக் கடிதம் வரைந்தார். (யாழ்ப்பாணம் அப்பொழுது அவர் நாட்டவரின் ஆட்சியில் இருந்தது, கோட்டையில் இருந்த அதிகாரிகளுக்கு இவ்வதிசயம் எட்டியிருக்குமோ என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.) பின்னர் அவர் வினாகிரியால் வாயைக் கொப்பளித்துப் பார்த்தார். படலத்தின் வெளிப்புறத்தில் இருந்த உயிர்கள் மட்டுமே மாண்டன. உள்ளே இருந்தவை பிழைத்தன. இன்றைய வைத்திய உலகம் பெரும் பொருட்செலவில் ஆராயும் இடர் முழுவதும் அவருடைய அச்சிறு குறிப்பினுள் அடங்கிக் கிடக்கின்றது.

ஆயினும் அதன் பின்னர் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள், நுண்ணுயிர்களைத் தனித்தனியே நீரில் மிதப்பனவாகவே அறிஞர் எண்ணி வந்தனர். பரிசோதனைக் குழாயில் அவ்வாறு வளர்த்தல் எளிது. ஆகலின் இயற்கையிலும் அவ்வாறே இருக்குமென்று கொண்டனர் போலும். 1978ஆம் ஆண்டிலே கனடா நாட்டு அறிஞர் வில்லியம் கொஸ்ரேட்டன் என்பாரும் அவர் துணைவரும், பற்றீரியாக்களின் இயல்பான வாழ்க்கை பரப்புகளிற் பற்றிக்கொண்டு கூட்டமாக வாழ்தலே என்று எடுத்துக்காட்டினர். அக்கூட்டு வாழ்க்கைக்கு வழங்கும் ஆங்கிலப் பெயர் 'பயோபிலிம்'. 1982ஆம் ஆண்டில், நோயாளர் ஒருவரின் இதயத் துடிப்பைச் சீர்ப்படுத்தும் கருவியினின்றும் அகற்றிய கம்பியை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கியபொழுது, அதன்மேற் பற்றீரியாக்கள் தடித்த பசைப் போர்வையினுள் அடுக்கடுக்காக இருக்கக் கண்டனர். கிணற்றுத் தொட்டியிலும் ஆற்றுப் பாறையிலும் உள்ள அதே வாழ்க்கை, மனித உடலினுள் வைத்த கருவியிலும் நிகழ்கின்றது என்பது அப்பொழுது ஐயமின்றிப் புலனாயிற்று.

அது நிகழும் முறை வருமாறு. குழாய் உடலிற் புகுந்த சில நிமிடங்களுக்குள் குருதியிலுள்ள புரதங்கள் அதன் பரப்பை மூடிவிடுகின்றன. தோலிலே எவர்க்கும் தீங்கின்றி வாழ்ந்த பற்றீரியா ஒன்று அப்பரப்பில் வந்து ஒட்டுகின்றது. நம் எல்லார் தோலிலும் குடியிருக்கும் 'இசுத்தபைலோகொக்கசு எப்பிடேர்மிடிசு' என்னும் பரம சாது இதிற் பெயர் போனது. மதிலுக்கு வெளியே இருக்கும்வரை சாது, குழாயைப் பற்றி உள்ளே புகுந்தாற் பகைவன். ஒட்டியது பெருகுகின்றது, வெல்லச் சத்தாலாய பசையைச் சுரக்கின்றது. பசையினூடே நீரும் உணவும் செல்லச் சிறு வாய்க்கால்கள் அமைகின்றன. தொகை மிகுந்தவுடன் ஒன்றுக்கொன்று இரசாயனப் பொருள்களால் அறிவித்துக்கொண்டு ஒரே வேளையில் இயங்கத் தொடங்குகின்றன. குருதியிலுள்ள வெண்கலங்கள் வந்து சூழ்ந்தும் அப்பசைக் கோட்டையை விழுங்க மாட்டாமல் நிற்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளோ பெரும்பாலும் வளர்ந்து பெருகும் உயிரையே தாக்க வல்லன. அடித்தளத்தில் உள்ளவை உணவு குன்றி உறங்குவன போலக் கிடத்தலால் அவை தப்புகின்றன. மிதக்கும் பற்றீரியாவைக் கொல்லும் அளவைப் போல ஆயிரம் மடங்கு மருந்துக்கும் இவ்வாறு தாக்குப்பிடித்தல் கூடும் என்பர்.

இதன் பயனைக் கட்டிலருகே இருப்போர் வேறொரு வடிவிற் காண்கின்றனர். நோயாளர்க்குக் காய்ச்சல் காய்கின்றது. மருந்து ஏற்றுகின்றனர், காய்ச்சல் தணிகின்றது. மருந்து நின்றதும் மீண்டும் நடுக்கத்தோடு காய்கின்றது. 'மருந்து சரியில்லை', 'வேறு வைத்தியசாலைக்குக் கொண்டுபோவோம்' என்று உறவினர் பேசத் தொடங்குகின்றனர். குருதியில் மிதந்தவற்றை மருந்து கொன்றது மெய். குழாயிற் குடியிருப்பவை இன்னும் அங்கேயே இருந்து புதிய கூட்டங்களை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அத்தகைய நிலையிற் பெரும்பாலும் செய்யத் தக்கது குழாயையே அகற்றுதல். கழற்ற எளிதான கனுலாவானால் அது சிறு வேலை. மாற்றிய இடுப்பு மூட்டோ இதய வால்வோ ஆனால் அது மற்றுமொரு பெரும் சத்திரசிகிச்சை.

கதீற்றரிலே இவ்வழும்பு செய்யும் கொடுமை இன்னும் ஒரு படி மேலானது. யாழ்ப்பாணத்துக் கேத்திலின் அடியிற் சுண்ணாம்பு படிதலை அறியாத இல்லத்தரசி இல்லை. எமது நிலம் சுண்ணக்கல். எமது நீர் வன்னீர். ஏறக்குறைய அத்தகைய படிவு கதீற்றரின் உள்ளேயும் உண்டாதல் கூடும். ஆயின் அதனைப் படிய வைப்பது கிணற்று நீரன்று. 'புரோத்தியசு' என்னும் பற்றீரியா சிறுநீரிலுள்ள யூரியாவைப் பிரித்து அமோனியாவை உண்டாக்க, சிறுநீர் காரத்தன்மை அடைகின்றது. கல்சியமும் மகனீசியமும் பளிங்குகளாகப் படிந்து வழும்போடு கலந்து குழாயை அடைத்துவிடுகின்றன. நள்ளிரவிற் சலம் போகாது முதியவர் துடிப்பதும், வாடகை வாகனம் தேடி மகன் ஓடுவதும் குடாநாட்டிற் புதுமையல்ல. அதன் மூலம் இதுவாதல் உண்டென்று அவர்க்கு எவரேனும் சொன்னதுண்டோ?

இவ்விடர் எமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, செல்வ நாடுகளின் வைத்தியசாலைகளிற் சேரும் நூறு நோயாளரில் ஏழு பேரும், ஏனைய நாடுகளிற் பதினைந்து பேரும், தாம் கொண்டு செல்லாத ஒரு தொற்றினை அங்கேயே பெறுகின்றனர். இவை அனைத்தும் குழாய்களால் வருவன அல்ல. எனினும் குழாய்களுக்கு இதிற் பெரும் பங்கு உண்டு. சலக்குழாய் உடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும், சிறுநீரிற் பற்றீரியா குடியேறும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று முதல் ஏழு வரை கூடிச் செல்கின்றது. ஒரு மாதம் இருந்துவிட்டால் ஏறக்குறைய எல்லார்க்கும் குடியேறிவிடும். இக்கணக்கை நினைவிற் கொண்டால் ஒன்று தெளிவாகும். குழாய் உடலிற் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை உண்டு. தேவை இருக்குமட்டும் அவ்விலையைக் கொடுக்கலாம். தேவை நீங்கிய பின்னர் ஒரு நாளேனும் கொடுத்தல் தகாது.

வெள்ளி பூசிய குழாய், மருந்து தோய்த்த குழாய் என்று புதுப் புனைவுகள் வந்தவண்ணம் உள்ளன. அவற்றாற் சிற்சில இடங்களிற் பயன் உண்டு, எல்லா இடத்தும் இல்லை, விலையும் பெரிது. பெரும்பயன் விளைத்தது வேறு. அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்திலே நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெருநாளக் குழாய் ஏற்றும் வைத்தியர் ஐந்து சிறு நெறிகளைத் தவறாது கைக்கொள்ளச் செய்தனர்: கை கழுவுதல், நோயாளரை முழுதும் தூய துணியால் மூடித் தாமும் மேலங்கியும் கையுறையும் அணிதல், தோலைக் குளோரெக்சிடின் கொண்டு துடைத்தல், இயன்றவரை தொடையிடுக்கில் ஏற்றாமை, வேண்டாத குழாயை உடனே கழற்றுதல். பீற்றர் புரொனொவோஸ்ற் என்னும் வைத்தியரும் துணைவரும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, அக்குழாய்களால் வரும் குருதித் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. பதினெட்டு மாதங்கள் அக்குறைவு நிலைத்தது. இவ்வைந்தினுள் எதற்கும் புதிய மருந்து வேண்டியிருக்கவில்லை. ஐந்தாவது நெறியே எமக்கு முக்கியமானது. ஏனெனில் அதன் ஒரு முனையை நோயாளரின் வீட்டாரும் பிடிக்கலாம்.

ஆயின் எமது மக்களின் மனப்பாங்கோ இதற்கு நேர்மாறானது. குழாயைக் கழற்றச் சொல்வோரிலும் ஏற்றச் சொல்வோரே இங்கு மிகுதி. 'ஒரு சேலைன் ஏற்றிவிட்டால் தெம்பு வந்துவிடும்' என்பது எமது நாட்டில் வேதவாக்கு. சேலைன் ஏற்றாத வைத்தியரைத் திறமையற்றவர் என்று கருதி, ஏற்றும் தனியார் வைத்திய நிலையத்தைத் தேடிச் செல்வோரும் உளர். அரை இலீற்றர் சாதாரண சேலைனில் இருப்பது நாலரைக் கிராம் உப்பு, மிகுதி தண்ணீர். வாயாற் பருகக் கூடியவர்க்கு அதனிலும் மேலானது உப்பிட்ட கஞ்சி. வயிறும் நிறையும், கையிலே துவாரமும் இல்லை. வைத்தியர் வேண்டுமென்று கூறும்பொழுது ஏற்றியே ஆகவேண்டும். வயிற்றோட்டத்தில் நீரிழந்து மயங்குவோர்க்கும், நினைவு தப்பியோர்க்கும், சத்திரசிகிச்சைக்கு உட்படுவோர்க்கும் அது உயிர் காப்பது. யாம் கண்டிப்பது, தேவையின்றி அதனை ஒரு மரியாதைப் பொருளாகக் கேட்டு வாங்கும் வழக்கத்தையே.

மற்றொரு வழக்கமும் உண்டு. நோயாளரைப் பார்க்க ஊரே திரண்டு செல்லல். போகாவிட்டால் மனத்தாங்கல், போனாற் கட்டிலில் அமர்ந்து, கையைப் பிடித்து, கட்டுப்போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்து ஆறுதல் கூறினாலன்றி அன்பு வெளிப்பட்டதாகாது. அன்பைக் குறை கூறோம். கையைக் கழுவிவிட்டுச் செலுத்தினால் அன்பிற் குறைவு வாராது.

வீட்டிலே கதீற்றரோடு வாழும் முதியவர்களைப் பற்றியே யாம் மிகவும் கவலையுறுகின்றோம். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, கூலிக்கு அமர்த்திய ஒருவரின் பராமரிப்பிலோ முதிய துணைவியின் பராமரிப்பிலோ இருப்போர் குடாநாட்டில் எத்தனை பேர்! பணத்தை அனுப்பப் பிள்ளைகள் தவறுவதில்லை. ஆயின் சிறுநீர்ப் பை எப்பொழுதும் சலப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் நிலத்திற் படலாகாது என்பதைப் பராமரிப்பவர்க்கு யார் சொன்னார்? கட்டிலின்மேற் பையைத் தூக்கி வைத்தால் வழும்பிற் பிறந்தவை சிறுநீரோடு பின்னோக்கிப் பாய்ந்து உட்புகும். குழாயையும் பையையும் அடிக்கடி கழற்றிப் பூட்டலாகாது. பையை வெறுமையாக்குமுன்னும் பின்னும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். இவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. சிறுநீர் கலங்கித் தோன்றுவதனால் மட்டும், அல்லது பையிலிருந்து எடுத்த நீரைப் பரிசோதித்துப் பற்றீரியா உண்டென்று தாள் வந்தமையால் மட்டும், பாமசிக்கு ஓடி நுண்ணுயிர்க்கொல்லி வாங்கிக் கொடுத்தல் கூடாது. நெடுநாட் குழாய் வைத்திருப்போர் எல்லார்க்கும் பற்றீரியா உண்டென்று மேலே கூறினோம். மருந்து அதனை வேரறுக்காது. மருந்துக்கு அடங்காத வகைகளையே வளர்த்துவிடும். காய்ச்சல், நடுக்கம், இடுப்பு நோவு, திடீரென்று பேச்சுத் தடுமாறல் ஆகியன தோன்றினாற் காலந் தாழ்த்தாது வைத்தியரிடம் செல்லல் வேண்டும். இவற்றைச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம், விளங்கும் மொழியில் வாய்ப்பதே அரிதாக உளது.

இதற்குத் தாதியரைப் பழித்தல் எளிது. எளிதாகலின் பலரும் அதனையே செய்கின்றனர். ஒரு விடுதி முழுதையும் ஓரிருவர் காக்கும் இரவிலே, கட்டிலுக்குக் கட்டில் நின்று பாடம் நடத்த எவரால் இயலும்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்தும் உபகரணமும் தட்டுப்பட்ட நிலையிலும் அவர்கள் நோயாளரைக் கைவிடவில்லை என்பதை மறத்தல் நன்றியன்று. குறை வேறிடத்தில் உளது. இது மொழியின் குறை. மொழியைக் கையாள வேண்டியவர் கையாளாத குறை.

எமது நாட்டிலே இப்பணியைச் செய்து காட்டியவர் ஒருவர் இருந்தார். அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். அதே 1847இலேதான் வியன்னா நகரில் செம்மெல்வைசு என்னும் வைத்தியர், பிரசவ விடுதியிற் பணியாற்றுவோர் குளோரின் கலந்த நீரிற் கை கழுவ வேண்டும் என்று விதித்து, நூற்றுக்குப் பதினெட்டு வரை சென்ற தாய்மாரின் இறப்பைச் சில மாதங்களில் இரண்டளவிற் குறைத்தார். கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததோடு அமையாது, மாணாக்கர்க்கு அதனைக் கற்பித்தார். 1860களிலே தமிழ்மொழி வாயிலாகவே கற்பித்தார். கற்பிக்க நூல் இல்லாதபொழுது நூல்களை மொழிபெயர்த்தார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. அந்த 1867ஆம் ஆண்டிலேயே லிஸ்ரர், காபோலிக்கு அமிலத்தாற் புண்ணைக் காக்கும் தமது முறையை 'லான்செற்' இதழில் வெளியிட்டார். எனவே இரண வைத்திய நூல் லிஸ்ரரின் முறை வந்து சேருமுன் எழுதப்பட்டது; இன்று அதனைக் கொண்டு எவரும் சிகிச்சை செய்யார். யாம் வியப்பது அதன் வைத்தியத்தையன்று. மேனாட்டு அறிவு நூல் வடிவு பெற்ற காலத்தோடு ஒட்டியே அது தமிழிலும் வந்ததே, அதனை வியக்கின்றோம்.

இந்துக் கல்லூரி மலரிலே மிசனறி ஒருவரைப் போற்றுவது சிலர்க்கு உவப்பாகாதிருத்தல் கூடும். அவர் நோக்கத்தில் மதமாற்றமும் இருந்தது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களும் கிறீன் அவர்களும் பிறந்த ஆண்டு 1822 ஒன்றே. ஒருவர் சைவத்தைக் காக்கத் தமிழ் வசனத்தை வளர்த்தார். மற்றவர் வைத்தியத்தைக் கற்பிக்க அதே தமிழ் வசனத்தை நாடினார். எல்லார்க்கும் விளங்குமாறு எழுதினாலன்றிக் காரியம் கைகூடாது என்பதில் இருவர்க்கும் கருத்து வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. இன்று கட்டிலருகே இருக்கும் குறிப்பேடு ஆங்கிலத்திலே. குழாயின் உறையும் ஆங்கிலத்திலே. சுவரில் ஒட்டிய தமிழ் அறிவித்தல் கை கழுவுக என்கின்றது. ஏன் என்று சொல்வதில்லை. 1978 முதல் யாழ்ப்பாணத்திலேயே வைத்திய பீடம் உளது. அங்கு கற்றுத் தேர்ந்தோருள் இக்கல்லூரியின் பழைய மாணவர் பலர்.

சொல் இல்லையே என்பார்க்கு ஒரு வார்த்தை. பயோபிலிம் என்பதனை 'உயிர்ப்படலம்' என்று தமிழ்நாட்டார் சிலர் எழுதுகின்றனர். நல்ல ஆக்கமே. ஆயினும் படலம் என்றவுடன் யாழ்ப்பாணத்தவர்க்குக் கந்தபுராணப் படிப்பும் சூரபன்மன் வதைப் படலமும் நினைவுக்கு வரும். முதியோர்க்குக் கண்ணில் விழும் படலம் நினைவுக்கு வரும். எமது கருத்து, நூல்வழக்கிற்கு 'நுண்ணுயிர்ப் படலம்' என்பதனைக் கொள்ளலாம். பேச்சுவழக்கிற்கு 'வழும்பு' என்னும் பழஞ்சொல் போதும் என்பது. மீனின்மேலும் தொட்டியிலும் பாத்திரத்திலும் படியும் வழுவழுப்பை அச்சொல்லாற் குறித்தல் உண்டு. 'குழாயில் வழும்பு பிடிச்சிட்டுது' என்றால் எமது கிராமத்துத் தாய் ஒருத்திக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டா. கிறீன் அவர்கள் கெமிஸ்ற்றி என்பதற்குத் தமிழீறு கொடுத்துக் கெமிஸ்தம் ஆக்கினார்; அது நிலைக்கவில்லை, இரசாயனமே நிலைத்தது. நிலைக்குமோ நிலைக்காதோ என்று அஞ்சி அவர் எழுதாது இருந்துவிடவில்லை.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். யூபிலி ஆண்டு நினைவாகச் சிலையும் வளைவும் எழுப்பப் பலர் முன்வருவர். அவற்றோடு ஒரு சிறு தாளையும் அச்சிடுங்கள். கனுலா, சலக்குழாய், மூச்சுக்குழாய் என்பன யாவை, அவற்றில் வழும்பு எவ்வாறு பிடிக்கின்றது என்பதை அது சொல்லட்டும். கனுலா ஏற்றிய இடம் சிவந்தாலோ வீங்கினாலோ நோவெடுத்தாலோ சீழ் வடிந்தாலோ உடனே தாதியரிடம் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லட்டும். தாமாகக் குழாயைத் தொட்டுக் கழற்றலாகாது என்பதையும் அழுத்திச் சொல்லட்டும். நாடோறும் வைத்தியர் பார்வையிட வரும்பொழுது, பணிவோடு ஒரே ஒரு வினா வினாவலாம் என்பதைப் பெரிய எழுத்திற் பொறிக்கட்டும்: 'டொக்டர், இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையோ?'

இவ்வினாவை வைத்தியர் சிலர் அதிகப்பிரசங்கித்தனம் என்று கருதக்கூடும். ஐம்பது நோயாளரை ஒரு காலையிற் பார்ப்பவர்க்கு ஐம்பது வினாக்கள் தொல்லையே, அதனை உணர்கின்றோம். ஆயினும் 'ஆம், இன்னும் இரண்டு நாள் வேண்டும்' என்று விடையிறுக்க அரை நிமிடம் ஆகாது. அவ்வரை நிமிடத்திலே, மறந்துபோன ஒரு குழாய் நினைவுக்கு வருதலும் கூடும். பரபரப்பான விடுதிகளிலே தேவை முடிந்த பின்னும் குழாய்கள் உடலிற் கிடந்துவிடுவது செல்வ நாடுகளிலும் நிகழ்வதே. அதனாலன்றோ மிச்சிக்கனில் அதனை ஒரு நெறியாகவே விதித்தனர்.

தாளுக்குரிய வைத்தியச் செய்திகளைப் பழைய மாணவரான வைத்தியர் இருவர் மூவர் கூடி எழுதித் தரட்டும். ஆங்கிலத்திற் சிந்தித்து எழுதினாலும் பாதகமில்லை. அதனை ஊர்த் தமிழாக்குவதும் அச்சுப்பிழை பார்ப்பதும் எமது பொறுப்பு. மேல்வகுப்பு மாணவர் சிலரையும் துணைக்கு வைத்துக்கொள்வோம், அவர்க்கும் அது நல்ல பயிற்சி. செலவைப் பற்றித் தனாதிகாரி அவர்கள் கவலுற வேண்டியதில்லை. ஒரு வளைவுக்கு ஆகும் சீமெந்தின் விலையிற் சிறு பகுதியே ஆகும். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். கட்டிலருகே இரவிரவாகக் காத்திருப்போர் பெரும்பாலும், மூக்குக்கண்ணாடியை வீட்டிலே மறந்துவிட்டு ஓடிவந்த முதியவர்கள்.